நாலில் மூன்று பங்கு

வூஸ்டர் நகரத்தில் மரத்தாலான மூன்றடுக்கு வீடு,
ஒன்றின் தலைமேல் ஒன்றாய் மூன்று சமையலறை.
விலை நான்கு லட்சத்து எண்பதாயிரம் டாலர்.
என்னிடம் இருப்பது நாற்பத்தோராயிரம்,
பதினொரு வருடம் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை
வெளுத்துச் சேர்த்தது.
எண்ணினால் இன்னும் பிளீச் வாசம் அடிக்கும்.

வங்கியில் டை கட்டிய பையன் கேட்டான்:
குடியிருக்கவா, வாடகைக்கு விடவா?
விடுவதற்கு மட்டும் என்றால் முன்பணம் கால்வாசி.
குடியிருப்பேன் என்றால் நூற்றுக்கு மூன்றரை.
கூரை ஒழுகினால் தானும் நனைகிறவளை
வங்கி கொஞ்சம் கூடுதலாக நம்புகிறது.

ஆனால் மூன்று குடித்தனம் என்பதால்
வீட்டுக்கு ஒரு பரீட்சை உண்டாம்:
அது தன்னைத் தானே சுமக்க வேண்டும்.
வாடகையில் நாலில் மூன்று பங்குதான் கணக்கு.
மிச்சப் பங்கு காலியாய்க் கிடக்கப்போகும் நாட்களுக்கு.
"யாரும் காலி செய்யவில்லையே" என்றேன்.
"செய்வார்கள்" என்றான், மழை வரும் என்பதுபோல.

மூன்றாம் தளத்தில் அட்வோவா சார்போங்,
ஒன்பது வருடமாய் ஆயிரத்து நூற்றைம்பது.
மதிப்பீட்டாளர் பனி ஒட்டிய பூட்ஸோடு ஏறி
அவள் ஜன்னலைப் பார்த்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எழுதினார்.
தொள்ளாயிரத்தில் வீடு தேறுகிறது.
நூற்றைம்பதில் தோற்கிறது.
அவள் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

பெஸ்னிக் ஒரு தனியாரைக் கூட்டி வந்தான்:
மூன்றே நாளில் பணம்,
வட்டி பன்னிரண்டு, கையெழுத்துக்கே இரண்டு,
ஒரு வருடத்தில் அசல்.
அவர் என் சம்பளத்தைக் கேட்கவே இல்லை.
வீடு என்ன விலைக்குப் போகும் என்று மட்டும் கேட்டார்,
நான் தவறப்போகும் மாதத்தை
ஏற்கெனவே பார்த்துவிட்டவர்போல.

"எங்கள் வீட்டின்மேல் எடுத்துக்கொள், மிமோஸா" என்றாள் அக்கா.
அத்தான் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.
அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைசியில், விற்கிற லிண்ட்குவிஸ்டே
காலரைத் திருகிக்கொண்டு சொன்னார்:
மொத்தமாய் வாங்கினால் பாதி வரிக்குப் போகும்,
பத்து சதவீதம் கொடு, மீதி எனக்கே கட்டு, ஆறு வட்டி.
ஐந்தாம் வருடக் கடைசியில் பாக்கி முழுதும் ஒரே தவணை.
இங்கே அதற்குப் பலூன் என்று பெயர்.
யாரோ ஒரு குழந்தையிடமிருந்து பிடுங்கிய சொல்.

பத்து சதவீதம் என்றால் நாற்பத்தெட்டாயிரம்.
ஏழாயிரம் குறைந்தது.
விரலுக்கேற்ற வீக்கம் என்று படி இறங்கியபோது
மேலிருந்து அட்வோவா கேட்டாள்:
"எவ்வளவு ஏற்றுவாய்?"
மூன்று பேருக்கு மூன்று பதில் தயாராய் வைத்திருந்தேன்.
அவளிடம் ஏழாயிரம் என்று மட்டும் வாயில் வந்தது.

கானாக்காரப் பெண்கள் பதினான்கு பேர்,
மாதம் ஐந்நூறு, முறை வைத்துச் சுற்றும் சீட்டு.
மார்ச் மாதம் அவள் முறை.
நர்சிங் ஹோம் சீருடையோடே படியில் உட்கார்ந்து பேசினாள்:
"வட்டி வேண்டாம்.
வாடகையை நிறுத்து, ஐந்து வருடம்.
வாயில் வேண்டாம், காகிதத்தில்."

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
மதிப்பீட்டாளரின் எழுநூற்றைம்பதை
அறுபது மாதத்தால் பெருக்கினேன்:
நாற்பத்தைந்தாயிரம்.
தனியாரின் வட்டியையும் மிஞ்சுகிறது.
பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் சிரித்தேன்.
பிறகு கையெழுத்துப் போட்டேன்.

அந்த மதிப்பீடு காற்றில் எழுதியது.
அவளுடையது பதினான்கு பேர் கைபட்டுக் கசங்கிய நோட்டு.

இப்போது ஒவ்வொரு முதல் தேதியும்
அவள் வாடகையோடு இறங்குகிறாள்,
நான் தவணையோடு ஏறுகிறேன்.
இரண்டாம் தளத்துப் பையன்
கதவிடுக்கில் பார்த்து உள்ளே கத்துகிறான்,
கடன்காரி வருகிறாள் என்று.
யாரைச் சொல்கிறான் என்று
நாங்கள் இருவரும் கேட்டதில்லை.

பாய்லர் நேற்று நின்றுவிட்டது.
எந்தக் காகிதத்திலும் அது இல்லை.